மஜ்ஜை கூப்பிடுகிறது

“இன்னும் கடுமையான மருந்து வேணும், மேடம்.”

டாக்டர் அருளானந்தம் ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவர். இப்போது ஆராய்ச்சி செய்யக் கிளம்பி, மகள் வயதுள்ள மெஹருன்னிசாவிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார்.

“இருக்கிற மருந்து கொல்லலையா?”

“தட்டுல வளர்த்த புற்று செல்லை ஒண்ணு விடாம கொல்லுது. என் நோயாளி கோமளவல்லி உடம்புல மட்டும் திரும்பத் திரும்ப வளருது. அளவைக் கூட்டினா அந்தப் பொண்ணே தாங்காது.”

சொல்லிக்கொண்டே, செல் வளர்த்த கண்ணாடித் தட்டை அவளிடம் நீட்டினார்.

மெஹருன்னிசா தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “அவங்க எலும்பு மஜ்ஜையில எடுத்ததா? ரொம்பச் சுத்தமா இருக்கே.”

“புற்று செல் தவிர மத்ததையெல்லாம் நானே கழுவி எடுத்துட்டேன்.” டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

“அப்படியா.”

அவ்வளவுதான் சொன்னாள். மஜ்ஜையின் சாதாரண செல்கள் படர்ந்திருந்த இன்னொரு தட்டில் அவருடைய செல்களை விட்டாள். அவை நன்றாக இறங்கிய பிறகு, அவருடைய மருந்தையும் விட்டாள்.

“நாளைக்கு வாங்க, டாக்டர்.”

மறுநாள் அவர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தார்.

மேலே மிதந்த சில மட்டும் செத்திருந்தன. மீதியெல்லாம் மஜ்ஜை செல்களுக்கு அடியில் நுழைந்து, மாமியார் வீட்டு மாப்பிள்ளை போல சௌகரியமாக இருந்தன. சில இரண்டாகப் பிரிந்துகொண்டும் இருந்தன.

“யாரு இதுங்களை உள்ள கூப்பிட்டது?”

“மஜ்ஜைதான். ஒரு புரதத்தை விட்டுக் கூப்பிடும். வந்ததும், வளருன்னு சொல்ல இன்னொரு புரதம்.”

“நல்ல ரத்த செல்லுக்கு?”

“அதுக்கும் இதே அழைப்புதான். நீங்க பிறக்கறதுக்கு முன்னாலேருந்து உங்களுக்குள்ளயும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கு.”

டாக்டர் நிமிரவேயில்லை. இத்தனை வருடம் சண்டை போட்ட எதிரியை இன்றுதான் முகம் பார்க்கிறார். எவ்வளவு நேர்த்தி! பகைவன் என்று தெரிந்தும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

“அப்போ நான் கழுவி எறிஞ்சது, கூப்பிடுற இந்த மஜ்ஜை செல்லைத்தானா?”

மெஹருன்னிசா ஒரு சொட்டுக் குழாயை எடுத்தாள். நிறமில்லாத ஒரு திரவத்தைத் தட்டில் சொட்டினாள்.

“இது கொல்லுமா?”

“கொல்லாது. அந்தக் கூப்பிடுற புரதம் இதுங்களுக்குக் கேக்காம பண்ணும். அவ்வளவுதான்.”

இருவரும் காத்திருந்தார்கள். மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

ஒரு செல் வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. எங்கே போவதென்று தெரியாமல் மேலே மிதந்தன.

அவள் அவருடைய பழைய மருந்துப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எவ்வளவு கூட்டணும், டாக்டர்?”

அவர் புட்டியைக் கையில் எடுத்தார். கண் கலங்கியிருந்தது.

“பாதியாக் குறைச்சுப் பார்க்கட்டுமா, மேடம்?”