தெரிந்தவரைக் கண்டும் ஆள்காட்டி கத்துவது ஏன்

பறவையும் மனிதனும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், மார்கழி பிறந்ததைக் காதுதான் முதலில் அறியும். பனி மூடிய உப்பளத்துக்கு மேலே, ஈரத்துணியை உதறுவது போல ஒரு சத்தம் வரும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிறகு பனிக்குள்ளிருந்து ஊசிவால் வாத்துகள் தண்ணீரில் வந்து இறங்கும். பின்னாலேயே உள்ளான்கள். உள்ளங்கை அளவுப் பறவைகள். வடக்கேயிருந்து பறந்துவந்த அசதியில் கால் ஊன்ற முடியாமல் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

உப்பளத்திலேயே குடியிருந்தவள் செம்மூக்கி என்ற ஆள்காட்டிக் குருவி. மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்புத் தோல். அப்போதெல்லாம் அவள் அதிகம் வாய் திறக்கமாட்டாள். கடல் ஏறிச் சேறு மூழ்கும் நேரத்தில் இரை தேட முடியாது. வந்த பறவைகளெல்லாம் வரப்பில் நெருக்கி நின்று தூங்கும். செம்மூக்கி மட்டும் விழித்திருப்பாள். அத்தனை பேர் கண்ணை மூட வேண்டுமென்றால் ஒருத்தி திறந்து வைத்திருக்கத்தானே வேண்டும். நன்றி என்று யாரும் சொன்னதில்லை. அவர்கள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவளுக்குப் போதும்.

அங்கே மாசானமுத்து என்று ஒருவர் இருந்தார். மழையில் கரைந்த வரப்புக்கு மண் அணைப்பது அவர் வேலை. அவருடைய மண்வெட்டி புரட்டிப் போடும் புழுதான் செம்மூக்கியின் காலைச் சாப்பாடு. அப்போது கேமரா ஏது? பறவைகளைப் பார்த்துப் பார்த்து ஈரக் களிமண் பலகையில் முள்ளால் கீறி வைப்பார். நிற்கிற வாத்து, தூங்குகிற வாத்து, சேற்றைக் குத்துகிற உள்ளான், எல்லாம் கீறிவிட்டார். உள்ளான் சிறகின் அடிப்பக்கம் மட்டும் கைக்கு வரவில்லை.

“ஒரு தடவை எழும்பிக் காட்டேன்,” என்று ஓர் உள்ளானிடம் கேட்டார்.

“அண்ணாச்சி, எலும்பும் தோலுமா வந்து சேர்ந்திருக்கேன். தின்னது கொஞ்சம் உடம்புல ஒட்டட்டும். பங்குனியில ஊருக்குப் போறப்போ பறக்கத்தானே போறேன், அப்போ பாத்துக்கிடுங்க.”

“பங்குனியில உப்பு வாரவே எனக்கு நேரம் பத்தாதே.”

“அதுக்கு நான் சாகவா?” என்று சிரித்துவிட்டு உள்ளான் மறுபடி சேற்றைக் குத்தியது.

அன்று நடுப்பகலில் கடல் ஏறியது. எல்லாரும் தூங்கினார்கள். மாசானமுத்து பலகையோடு வரப்பில் வந்தார். செம்மூக்கி பார்த்தாள். நம்ம அண்ணாச்சிதானே என்று பேசாமல் இருந்தாள்.

அவர் கையைத் தட்டினார்.

வரப்பே பிய்த்துக்கொண்டு எழுந்தது போல் அத்தனையும் மேலே போயின. இறங்க வேறு இடமில்லை. சுற்றிச் சுற்றி வந்து அதே வரப்பில் இறங்கின. பாதிதான் கீறியிருந்தார். மறுபடி தட்டினார். இந்தத் தடவை கூட்டம் திரும்பும்போது ஒன்று மட்டும் பின்தங்கி, தாழ்ந்து, தண்ணீரில் விழுந்தது. அவர் இடுப்பளவு நீரில் இறங்கி எடுத்து வருவதற்குள் அந்த உள்ளானின் தலை தொங்கிவிட்டது. கையில் கனமே இல்லை.

ஊசிவால் வாத்து செம்மூக்கியிடம் வந்தது. “ஏட்டி, நீ பாக்கலியா?”

“பாத்தேன் மதினி. தெரிஞ்ச ஆள்தானேன்னு விட்டுட்டேன்.”

“உனக்குத் தெரியும். கண்ணை மூடிக் கெடந்தவங்களுக்கு எது தெரியும்? உன்னைத்தானே நம்பினோம்.”



மறுநாள் கடல் ஏறியிருந்த நேரத்தில் மாசானமுத்து பலகை இல்லாமல், மண்வெட்டியோடு மட்டும் வந்தார். அவர் தலை தெரிந்ததுமே செம்மூக்கி கத்தத் தொடங்கினாள். தனக்குச் சோறு போட்ட மனிதரைப் பார்த்து, தலைக்கு மேலே வட்டமிட்டு, தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

“நான்தான் தாயி,” என்றார்.

“தெரியுது அண்ணாச்சி,” என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தினாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. நின்ற இடத்திலேயே சேற்றில் உட்கார்ந்தார். தூங்கினவர்கள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, அவர் அசையாததால் மூடிக்கொண்டார்கள்.

அன்று முதல்தான் ஆள்காட்டி, தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்காமல் எந்தத் தலையைக் கண்டாலும் கத்துகிறது. பறவை பார்க்கப் போகிறவர்களும், கேமராக்காரர்களும்கூட, சேற்றில் தாழ உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். அன்றைக்கோ, கடல் இறங்கி, பறவைகள் விழித்து இரை தேடப் போன பிறகு மாசானமுத்து எழுந்து, உடைந்திருந்த வரப்புக்கு மண் அணைக்கத் தொடங்கினார்.