கணையமரமும் மருதக்கட்டையும்

முன்னொரு காலத்தில் ஒரு கோட்டை இருந்தது. அதன் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க, பின்னால் குறுக்கே ஒரு வேங்கைமரக் கட்டை கிடந்தது. அதைக் கணையமரம் என்பார்கள். பகை அரசன் கோட்டையை வளைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் யானைகளை முட்டவிட்டான். கணையமரம் முதுகு கொடுத்துத் தாங்கியது.

நட்பாயிருந்த அண்டை நாட்டு அரசன் கடைசியில்தான் உதவ மனசு வைத்தான். ஆற்றங்கரை மருதமரம் ஒன்றை வெட்டி, இரவில் தண்ணீரில் மிதக்கவிட்டு, கோட்டையின் ஆற்றுப்பக்கப் பின்வாசல் வழியாக அனுப்பினான். அதையும் கதவுக்குக் குறுக்கே போட்டார்கள். மறுநாள் யானைகள் முட்டின. தந்தம்தான் ஒடிந்தது. பகைவன் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

சமையற்காரர் சடையாண்டி கோடாலியோடு வந்தார். "வீரணண்ணே, வெற்றி விருந்துக்கு உலை வைக்க ஒரு சுள்ளிகூட இல்ல. இந்த ரெண்டு கட்டையில ஒண்ணு கொடுங்க."

"சண்டைதான் முடிஞ்சதே. இனி ஒண்ணு போதும்" என்றார் காவலர் வீரணன். "இரு, பார்த்துத் தாரேன்."

கதவிலிருந்த இரும்பு ஆணிகள் முணுமுணுத்தன. "பார்க்க என்ன இருக்கு? பந்தி முடிஞ்சு இலை எடுக்கிற நேரத்துக்கு வந்தவனை அடுப்புக்கு அனுப்ப வேண்டியதுதானே. ஏன் மருதா, முன்னாடியே வந்தா என்னவாம்?"

"முன்னாடி நான் மரமா நின்னேன், அண்ணே" என்றது மருதக்கட்டை. "என் மேல கொக்குக் குஞ்சுகள் இருந்துச்சு. வெட்டுப்பட யாருக்கு ஆசை வரும்?"

ஒரு சின்ன ஆணி, "இருந்தாலும் இவன் நின்னது ஒரே ஒரு நாள்" என்றது.

கணையமரம் அப்போதுதான் வாய் திறந்தது. "இவன் வந்தப்போ என் நடுமுதுகில கீறல் விட்டிருந்தது. சொன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல. அடுத்த முட்டுக்கு நான் ரெண்டாப் போயிருப்பேன். அதுக்கப்புறம் நான் தாங்கின மாசத்தையெல்லாம் எண்ணிப் பார்க்க இங்க யாரு இருந்திருப்பா?"

வீரணன் கதவருகே வந்தார். பழைய கட்டையைக் கும்பிட்டுவிட்டு, மருதக்கட்டையைத் தூக்கக் கைவைத்தார்.

"தம்பி, நீ வந்தது பெரிய உபகாரம்" என்றது கணையமரம். இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்த கீறலை மெல்ல விட்டது. படீரென்று பிளந்து சடையாண்டியின் காலடியில் விழுந்தது.

அன்று கோட்டை முழுக்கச் சுடுசோறு. பொழுது சாய்ந்ததும், மருதக்கட்டையைப் போட்டுக் கதவை அடைத்தார்கள்.

பிறகு அந்தச் சின்ன ஆணி சொன்னது: "ஏன் மருதா ஓரமாவே படுத்திருக்கே? நடுவுக்கு வா. அவர் படுத்த இடம் அதுதான்."