பச்சை சைபர்

குருவின் பெயர் ஜெசிந்தா. சீடர் சுயம்புலிங்கம். சீடருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது; குருவுக்கு இன்னும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. அதுவரை எலக்ட்ரீஷியனாக வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மனிதர், இந்த வயதில் உங்களுக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், அவளிடம் போய் கம்ப்யூட்டர் படித்தார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். அதில் இருவருக்குமே கூச்சம் கிடையாது.

தூத்துக்குடியில் மீனையும் இறாலையும் உறைய வைக்கிற ஓர் ஆலைக்கு அவர்கள் வேலை செய்தார்கள். அங்கே குளிர் தருவது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. கசிந்து மெஷின் அறைக்குள் அடைந்துவிட்டால், உள்ளே போகிறவன் பிழைப்பது கஷ்டம். வாடை காட்டிக்கொடுக்குமே என்று கேட்கலாம். அந்த ஆலையில் லேசான வாடை எந்நேரமும் இருந்தது, அதை யாரும் சட்டை செய்வதில்லை.

அதனால் அறைக்குள் வாயுவை அளக்க ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். அது அளப்பதை அந்தந்த நொடியே ஒரு வலைப்பக்கத்தில் காட்டுவது சுயம்புலிங்கத்தின் வேலை. முதலாளி வீட்டிலிருந்து போனில் பார்ப்பார். மேனேஜர் மேசையில் பார்ப்பார். ஃபிட்டர் மிக்கேல், அறை வாசலில் சுவரில் மாட்டியிருந்த டேப்லெட்டில் பார்ப்பான்.

மற்றவர்கள் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். மிக்கேல் பார்த்துவிட்டு உள்ளே போவான்.

அந்த வலைப்பக்கத்தில் ஒரே ஒரு தொல்லை. தகவல் வருவது நின்றுவிட்டால் எண் இருந்த இடத்தில் வெறும் கோடு விழும். கோடு விழுந்தால் முதலாளி மேனேஜரைக் கூப்பிடுவார். மேனேஜர் சுயம்புலிங்கத்தைக் கூப்பிட்டு வறுத்தெடுப்பார்.

"என்ன பக்கம்யா இது? பாக்கும்போதெல்லாம் செத்துக் கெடக்கு!"

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சுயம்புலிங்கம் ஒருநாள் உட்கார்ந்து அதை மாற்றி எழுதினார். புது எண் வரும்வரை பழைய எண்ணே நிற்கும். கோடு ஒழிந்தது. போன் தொல்லையும் ஒழிந்தது. முதலாளி, இப்பத்தான் பக்கம் உருப்படியாயிருக்கு என்று சொல்லியனுப்பினார். சுயம்புலிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சரிடம் ஓடினார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். தெரியலன்னு காட்டி எல்லாரையும் பயமுறுத்தறதவிட, கடைசியா தெரிஞ்சதையே காட்டிக்கிட்டு இருக்கதுதான நல்லது?"

ஜெசிந்தா அவர் மாற்றி எழுதியதை வாங்கிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில ஆலைக்கு வாங்க அண்ணாச்சி."

மறுநாள் அவர் போனபோது அவள் முன்னமே வந்து அறை வாசலில் நின்றிருந்தாள். மிக்கேல் ஸ்பானரும் கையுமாக டேப்லெட்டைப் பார்த்தான். வாயு சைபர். பச்சை எழுத்து. அவன் கதவுப் பக்கம் நகர்ந்தான்.

"மிக்கேல், நில்லுங்க. இன்னைக்கு அண்ணாச்சி போவாங்க."

"நானா?"

"நீங்கதான். உள்ள மூலையில ஒரு பிரஷர் கேஜ் இருக்கு. அதுல எவ்வளவுன்னு பாத்துட்டு வாங்க."

சுயம்புலிங்கத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கதவருகே ஆணியில் கேஸ் மாஸ்க் ஒன்று தொங்கியது. அதைத் தொட்டுவிட்டு மிக்கேலைப் பார்த்தார்.

"இத மாட்டணுமோ?"

மிக்கேல் சிரித்தான். "எதுக்கு அண்ணாச்சி? ஒங்க பக்கம்தான் சைபர்ங்குதே. நீங்க அந்தக் கோட்ட எடுத்ததுலருந்து நான் இத மாட்டுறதே இல்ல."

அவர் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

"ஒங்க பக்கம் எவ்வளவு காட்டுது அண்ணாச்சி?" என்றாள் ஜெசிந்தா.

"சைபர் டீச்சர்."

"இப்ப?"

"சைபர்."

"இப்ப?"

"சைபர்தான். ஏன் கேட்டுக்கிட்டே இருக்கீங்க?"

"நான் வந்ததுமே சென்சார் வயரக் கழட்டிட்டேன். போங்க, உள்ள போங்க."

தாழ்ப்பாள் பாதி விலகியிருந்தது. அதை முழுக்க நகர்த்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உள்ளே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அடிப்பது எப்போதும் உள்ள வாடைதானா, கூடுதலா என்று உறிஞ்சிப் பார்த்தார். பயந்த மூக்குக்குக் கூடுதலாகத்தான் தெரிந்தது.

"உள்ள கேஸ் இருக்கா டீச்சர்?"

"தெரியாது."

"வெளையாடாதீங்க."

"நெசமாவே எனக்குத் தெரியாது. ஒங்க பக்கத்தக் கேளுங்க."

பக்கத்தைப் பார்த்தார். சைபர். நான்கைந்து பச்சைகளைப் போட்டுப் பார்த்து, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அவரே தேர்ந்தெடுத்த பச்சை.

"ஏன் நிக்கீங்க?"

"பயமா இருக்கு டீச்சர்."

"கேஸ் இருக்குன்னு பயமா?"

"இருக்கா இல்லையான்னே தெரியலயே. அதான் பயம்."

அடுத்துப் பேசியது மிக்கேல்.

"அண்ணாச்சி, போன வாரம் ஒருநாள் நெட் வரவே இல்லன்னு ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க. அன்னைக்கு நான் உள்ள போயி வால்வு மாத்திட்டு வந்தேன். மாஸ்க் இல்லாம." ஸ்பானரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அன்னைக்கும் சைபர்தான் காட்டுச்சு. அது நெசமான சைபரா அண்ணாச்சி?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. கோபப்பட்டுச் சட்டையைப் பிடித்திருந்தால்கூட சுயம்புலிங்கம் தாங்கியிருப்பார். அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினான். அதைச் சொல்ல அவருக்கு வழியில்லை. எந்தெந்த நேரம் தகவல் நின்றுபோனது என்று காட்டக்கூடிய ஒன்றே ஒன்றைத்தான் அவர் ஒழித்திருந்தார், அதற்குப் பாராட்டும் வாங்கியிருந்தார். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

தாழ்ப்பாளை மூடினார். ஆணியிலிருந்த மாஸ்க்கை எடுத்துத் தூசியைத் தன் சட்டையிலேயே துடைத்தார். மிக்கேலின் முகத்தைப் பார்க்காமல் அவனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டான்.

பிறகு விறுவிறுவென்று சுவரோரமிருந்த சென்சார் பெட்டிக்குப் போய், கழன்று தொங்கிய வயரைக் கையில் பிடித்தார்.

"சொருகிரட்டுமா டீச்சர்?"

"வேண்டாம் அண்ணாச்சி. மொதல்ல அந்தச் சைபர அழிங்க. வயர அப்புறம் பாத்துக்கலாம்."