உரக்குழியில் வஞ்சிரம்

முன்னொரு காலத்தில் வெண்மணல்துறை என்கிற கடலோர நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட கட்டளை மத்தியானம் அவருக்கு மறந்துபோகும். மீன்குழம்பு மட்டும் மறக்காது.

அந்த ஊரில் பவளக்கண்ணு என்றொரு கருவாட்டு வியாபாரி. பாட்டன் காலத்துக் கடை. மீன் வாங்குவது அவன் வேலை. கீறி, உப்பிட்டு, காயவைப்பது அவன் மனைவி சிப்பியம்மை. அவள் கைப்பக்குவத்துக்காகவே வெளியூர் வண்டிகள் வந்து காத்துக்கிடந்தன.

அந்நாட்டு வழக்கப்படி, தின்கிற மீனுக்குச் சுங்கம் உண்டு. அழுகித் தென்னைக்கு உரமாகிற மீனுக்குக் கிடையாது. பவளக்கண்ணுக்கு ஆசை வந்தது. சரக்குக் கிட்டங்கியில் இருப்பதெல்லாம் அழுகல் என்று சுங்கச்சாவடியில் சொல்ல ஆரம்பித்தான். அரண்மனைப் பிரதானி கோளரிநாதர் அதற்குச் சாட்சி. அவர் வீட்டுக்குத்தான் வாரம் தவறாமல் ஒரு கூடை வஞ்சிரம் போய்க்கொண்டிருந்ததே!

மந்திரி தென்னவராயர் சபையில் சந்தேகத்தைக் கிளப்பினார். அவர்மேல் நெடுநாள் பொறாமை பிரதானிக்கு.

“மந்திரியாருக்கு மூக்கு மழுங்கிவிட்டது, மகாராஜா. மணமும் நாற்றமும் ஒன்றாகத் தெரிகிறது.”

மந்திரி சிரித்தார். “பிரதானி சொன்னால் சரிதான். அரண்மனைத் தோப்பில் தென்னைகள் காய்க்காமல் நிற்கின்றன. அவ்வளவு உரத்தையும் இன்றே புதைத்துவிடலாம். பிரதானியே முன்னின்று நடத்தட்டும்.”

ராஜாவுக்குக் குதூகலம். தோப்பில் குழிகள் வெட்டியாயிற்று. முதல் கூடையைக் கவிழ்த்ததும் துண்டு துண்டாக வஞ்சிரம் வெயிலில் மினுங்கியது. பிரதானி எச்சில் விழுங்கினார். பவளக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டான். மீன் போனால் போகட்டும், கழுத்து தப்பினால் போதும்.

அப்போது மீன் ஏற்றி வந்த வண்டிக்குப் பின்னாலேயே மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள் சிப்பியம்மை. குழியைப் பார்த்தாள்.

“என் கை பட்ட மீனை அழுகல்னு சொன்னது யாரு?”

“உன் வீட்டுக்காரர்தான் தாயே,” என்றார் மந்திரி.

அவள் புருஷனைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. ராஜாவின் கண்ணுக்குத் தப்பியவனால் அதற்குத் தப்ப முடியவில்லை. நல்ல மீன்தான், சுங்கத்தை ஏய்க்கப் பொய் சொன்னேன் என்று ராஜாவின் காலில் விழுந்தான்.

கழுவேற்றச் சொன்னார் ராஜா.

“கழுவேற்றினால் மகாராஜாவின் குழம்புக்குக் கருவாடு ஏது?” என்றார் மந்திரி. “ஏய்த்த சுங்கத்தைக் கட்டட்டும். மிச்ச சரக்கை அவன் சொன்னபடியே உர விலைக்கு ஊருக்கு விற்கட்டும். தராசு பிடிக்கப் பிரதானி இருக்கிறார்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்துத் தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். ஊரே கூடை தூக்கி வந்தது. பிரதானியின் பட்டு அங்கவஸ்திரத்தில் ஏறிய வாடை போகிறவரை சபையில் அவர் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

வீட்டில் சிப்பியம்மை முதுகைக் காட்டிக்கொண்டு கத்தி தீட்டினாள். உன் கையில் ஒரு மீன்கூட அழுகியதில்லை என்று பவளக்கண்ணு முனகினான்.

“ராஜாகிட்ட உசிருக்குப் பயந்து சொன்னீங்க. இங்க சோத்துக்குப் பயந்து சொல்றீங்க. நாளைக்குச் சாவடியில போய்ச் சொல்லுங்க.”

மறுநாள் சாவடி வாசலில் அவன் போட்ட சத்தம் அரண்மனை அடுக்களைவரை கேட்டதாம்.