சாம்பலுக்காகச் சொல்லாத சாட்சி

அந்தக் காலத்தில் வெள்ளாற்றங்கரையை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. செவலை என்ற வேட்டை நாயின் மேல் அவனுக்கு உயிர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதல் கவளம் செவலைக்குத்தான். ராஜா ஊட்டினால் சபை சும்மா இருக்குமா? ஆளாளுக்கு நெய் சொட்டும் அதிரசமும் காரக் கறியும் ஊட்டி ராஜாவின் சிரிப்பைச் சம்பாதித்தார்கள். அதில் முந்தி நின்றவர் மழவராயர்.

செவலையோடு ஒரே ஈற்றில் பிறந்தது சாம்பல். அது குதிரை லாயத்துக்குக் காவல். லாயத்தில் குழைய வேகவைத்த நொய்யில் முள் எடுத்த ஆற்று மீனும் பூசணிக்காயும் சேர்த்து, உப்பு காரம் இல்லாமல் பிசைந்து வைப்பார்கள். அதன் முதுகில் கை வைத்தால் வழுக்கும்.

கொஞ்ச காலத்தில் செவலைக்குச் சொறி பிடித்தது. முடி கொட்டி, தோல் சிவந்து, ராப்பகலாகச் சொறிந்துகொண்டே கிடந்தது. ராஜா துடித்துப்போனான். தன் அதிரசத்தின் மேல் பழி வந்துவிடுமோ என்று பயந்த மழவராயர், லாயத்து நாயிடமிருந்துதான் சொறி ஒட்டிக்கொண்டது என்று ராஜாவின் காதில் ஓதிவிட்டார். உடனே ஆணை பிறந்தது. சாம்பலை ஆற்றுக்கு அப்பால் காட்டில் விட்டுவிட வேண்டும்.

பக்கத்தில் அமைச்சர் செவ்வந்திநாதர் நின்றிருந்தார். வாய்ச் சாதுரியத்துக்குப் பேர் போனவர். சாம்பலின் உடம்பில் பொட்டுச் சொறி இல்லை என்பது அவருக்குத் தெரியும். காலையில்தான் தடவிக் கொடுத்திருந்தார். சொல் நாக்கு வரை வந்தது. ஆனால் அங்கே இருந்தது அவர்கள் மூன்று பேர்தான். நாளை சபை நிறைந்திருக்கும்போது சாம்பலையே கொண்டுவந்து நிறுத்தி, சொறி இல்லாதவன் சொறியை எப்படிக் கொடுத்தான் என்று கேட்டால் மழவராயரின் முகம் எப்படிப் போகும்! அந்த நினைப்பின் ருசியில் வாயை மூடிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் சாம்பலைப் படகில் ஏற்றிவிட்டார்கள்.

மறுநாள்தான் அது அவருக்குத் தெரிந்தது. ரகசியமாக ஆட்களை அனுப்பித் தேடச் சொன்னார். ராஜாவின் ஆணையை மாற்ற இனி அத்தாட்சி வேண்டுமே. சபையில் எழுந்தார்.

"அரசே, மழவராயர் செவலைக்குத் தாம் ஊட்டியது அமுதம் என்கிறார். அந்த அமுதத்தை இனி அவரே மூன்று வேளையும் சாப்பிடட்டும். செவலை லாயத்துச் சோற்றைச் சாப்பிடட்டும்."

ராஜாவும் சரி என்றான். மழவராயர் மாட்டேன் என்று சொல்ல முடியுமா? மென்று விழுங்கினார். நாளாக ஆக, செவலை சொறிவதை நிறுத்தியது. புதுமுடி அரும்பியது. மழவராயரோ அயல்நாட்டுத் தூதர் முன்னால் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா அவருடைய தலைப்பாகையை இறக்கச் சொல்லி, லாயத்தில் நாய்ச்சோறு பிசைய அனுப்பினான். முத்துமாலை அமைச்சரின் கழுத்தில் விழுந்தது.

சிரிப்பு அடங்கியதும் ராஜாவுக்குச் சாம்பலின் ஞாபகம் வந்தது. அமைச்சர் தலைகுனிந்தபடி, தாம் அனுப்பிய ஆட்கள் கொண்டுவந்ததை எடுத்து வைத்தார். சிறுத்தை கடித்துப் போட்ட கழுத்துப்பட்டை.

ராஜா அந்தப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்: "அதன் மேல் குற்றமில்லை என்று உமக்கு எப்போது தெரியும்?"

"ஆணை பிறந்தபோதே தெரியும், அரசே."

"அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். கேட்கச் சபை இல்லை."

ராஜா மாலையைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று அமைச்சருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து அவர் கண்ட தவறைக் கண்ட இடத்திலேயே, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெறும் வார்த்தையில் சொன்னார். அமைச்சரின் விகடம் வற்றிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. வற்றினால் வற்றட்டும். போன நாய் போனதுதான்.