பத்தும் சேர்ந்து எரியும்போது

சீடர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கொண்டுவந்த பலகையை மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இதை உடைச்சுப் போட்டுருங்க."

அவர் பெயர் நம்பிராஜன். முப்பது வருஷம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். இப்போது ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஆசிரியை ஜெபக்கனிக்கு அவருடைய வயதில் பாதி. வள்ளியூரில் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுப்பார்.

பலகையில் பத்து எல்.இ.டி. விளக்குகள். இல்லத்தில் பத்து அறைகள். ஒவ்வொரு கட்டிலுக்கு அருகிலும் ஒரு பட்டன். யார் அழுத்துகிறாரோ, அவர் அறையின் விளக்கு கூடத்துப் பலகையில் எரியும். எதை எரியவைப்பது என்று பார்த்துக்கொள்வது நடுவில் இருக்கும் ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலர் சிப். எல்லாம் நம்பிராஜன் தன் கையால் செய்தது.

"என்ன ஆச்சு, அண்ணாச்சி?"

"நேத்து மத்தியானம் சமையல்கட்டுல மிளகா வத்தல் தட்டு சரிஞ்சு அடுப்புல விழுந்துட்டு. ஒரே நெடி. எல்லாருக்கும் இருமல். பத்துப் பேரும் பட்டனை அழுத்திட்டாங்க."

"எரிஞ்சுதா?"

"பளிச்சுன்னு ஒரு தடவை. உடனே பத்தும் அணைஞ்சுது. திரும்ப எரிஞ்சுது, திரும்ப அணைஞ்சுது. எந்த அறைன்னே தெரியல. ஒவ்வொரு கதவா ஓடினேன். ஒன்பதாம் அறைக்குப் போய்ச் சேரும்போது தங்கையா சார் தரையில கிடக்காரு. ஆஸ்துமாக்காரர். மருந்துப் பம்பு கட்டிலுக்கு அடியில உருண்டு போயிருக்கு."

ஜெபக்கனி கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

"இப்ப?"

"இருக்காரு. காலையில காபியில சீனி இல்லன்னு என்னை ஏசினாரு."

"அப்ப நல்லாத்தான் இருக்காரு."

நம்பிராஜன் சிரிக்கவில்லை.

"நாளை மத்தியானம் வரைக்கும்தான் பொறுப்பேன்னு நிர்வாகி சொல்லிட்டாரு. அதுக்கு மேல பலகை குப்பைக்கு. பழையபடி எல்லாரும் கத்திக் கூப்பிடணும். தங்கையா சாருக்குக் கத்த மூச்சு ஏது?"

ஜெபக்கனி பலகையைத் திருப்பினார். சிப்பின் பத்துக் கால்களிலிருந்து பத்து விளக்குகளுக்கும் நேராகக் கம்பி போயிருந்தது.

"ரெசிஸ்டர் போட்டிருக்கீங்க."

"ஒவ்வொண்ணுக்கும் போட்டேன், டீச்சர். விளக்குக்கு இருபது மில்லி ஆம்பியர். அதுக்கு மேல போகாது. சிப்போட ஒரு கால் அதைத் தாங்கும்."

"எப்படிச் சோதிச்சீங்க?"

"ஒண்ணாம் அறை, ரெண்டாம் அறை, அப்படியே வரிசையா. பத்தும் பாஸ்."

"உங்க பஸ்ஸுல எத்தனை சீட்டு?"

"அம்பத்தஞ்சு. திருவிழா அன்னைக்கு நூத்தியிருபது ஏத்தியிருக்கேன்."

"போச்சா?"

"பாலத்து ஏத்தத்துல நின்னுட்டு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "ஆனா ஒவ்வொருத்தரா பார்த்தா யாரும் அப்படி ஒண்ணும் கனமில்ல."

ஜெபக்கனி சிப்பின் விவரத்தாளை எடுத்து ஒரு வரியின்மேல் விரல் வைத்தார். எல்லாக் கால்களும் சேர்ந்து நூறு மில்லி ஆம்பியர். அதற்கு மேல் கூடாது.

நம்பிராஜனின் உதடுகள் அசைந்தன. பத்து விளக்கு, இருபது இருபதாக. இருநூறு.

"அப்ப சிப்பை நான் கொன்னுட்டேனா?"

ஜெபக்கனி பலகைக்கு மின்சாரம் கொடுத்து, ஒரு பட்டன் கம்பியைத் தொடவைத்தார். மூன்றாம் விளக்கு எரிந்தது.

"உயிர் இருக்கு. நேத்து மயங்கி மயங்கி எந்திரிச்சிருக்கு, அவ்வளவுதான்."

வந்ததிலிருந்து அப்போதுதான் நம்பிராஜன் உட்கார்ந்தார்.

"பெரிய சிப்பா வாங்கிரலாமா, டீச்சர்?"

ஜெபக்கனி ஒரு விளக்கு, ஒரு ரெசிஸ்டர், பயறு அளவில் ஒரு டிரான்சிஸ்டர் மூன்றையும் அடாப்டரோடு இணைத்தார். இரண்டு கம்பி முனைகள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே நின்றன. தண்ணீர் டம்ளரை நகர்த்தினார்.

"விரலை நனைச்சு ரெண்டு முனையையும் தொடுங்க."

"ஷாக் அடிக்காதா?"

"அஞ்சு வோல்ட், அண்ணாச்சி. எறும்பு சிரிக்கும்."

தொட்டார். விளக்கு எரிந்தது. எடுத்தார், அணைந்தது. மறுபடியும் தொட்டார்.

"இந்த வெளிச்சம் உங்க விரல்ல இருந்தா வருது?"

"இல்ல. அடாப்டர்ல இருந்து. டிரான்சிஸ்டர்தான் வழி விடுது."

"விரல் என்ன செய்யுது?"

யோசித்தார்.

"விடுன்னு சொல்லுது."

"கனமா இருக்கா?"

"ஒண்ணுமே தெரியல, டீச்சர்."

மாலைக்குள் பலகையில் பத்து டிரான்சிஸ்டர்கள் ஏறின. விளக்குகளுக்கு வேண்டிய மின்சாரம் இப்போது அடாப்டரிலிருந்து நேராக வந்தது. சிப்பின் ஒவ்வொரு காலும் ஒரு ரெசிஸ்டர் வழியாகத் தன் டிரான்சிஸ்டருக்கு ஒரு சிட்டிகை மட்டும் கொடுத்தது.

மறுநாள் மதியம் பலகையைக் கூடத்தில் மாட்டினார்கள். ஜெபக்கனியும் வந்திருந்தார். நிர்வாகி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சமையல்கட்டிலிருந்து மூன்று பெண்கள் ஈரக் கையைத் துடைத்தபடி பார்க்க வந்தார்கள்.

"எல்லாரும் அழுத்துங்க!" என்று நம்பிராஜன் குரல் கொடுத்தார்.

பத்தும் எரிந்தன. பத்தும் எரிந்துகொண்டே இருந்தன. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்.

ஒன்பதாம் அறையிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"ஏ டிரைவரே, கையை எடுக்கலாமா? விரல் மரத்துப்போச்சு."

நிர்வாகி சிப்பைத் தொட்டுப் பார்த்தார். சூடில்லை. "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நம்பிராஜன் துண்டால் முகத்தைத் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு திரும்பினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். பத்தும் சேர்ந்து எரிஞ்சா நான் ஒருத்தன் எந்த அறைக்குன்னு ஓடுவேன்? முந்தாநாளும் நான் மட்டும்தான் ஓடினேன். இவங்க மூணு பேரும் எங்க போறதுன்னு தெரியாம நின்னாங்க."

"சிப் எங்கயாவது ஓடுச்சா, அண்ணாச்சி? நின்ன இடத்துல இருந்து விடுன்னு மட்டும்தானே சொல்லுது" என்றார் ஜெபக்கனி, மூன்று பெண்களையும் பார்த்தபடி.