புட்டி கழுவுகிற பிரஷ்

“சுத்தமா வச்சிருக்கிறது ஒரு குத்தமா டீச்சர்?”

வந்ததும் வராததுமாக நாகப்பன் இப்படித்தான் ஆரம்பித்தார். ஐம்பத்தொன்பது வயசு. லாரி ஓட்டியே உரமேறிப்போன உடம்பு. உட்கார்ந்திருந்ததோ முழங்கால் உயரம்கூட இல்லாத மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலியில்.

மலேசியாவில், கிள்ளானில் அது ஒரு பாலர் பள்ளி. மத்தியானம் வரைக்கும் பிள்ளைகள் வருவார்கள். பிள்ளைகள் போனதும், மனசு சரியில்லாத பெரியவர்கள் ஒருவர் இருவராக வருவார்கள்.

திலகேஸ்வரி டீச்சருக்கு வயசு முப்பத்தாறுதான். நாகப்பன் நாலு வருஷமாக அவரைத்தான் குரு என்கிறார். “அந்தச் சின்னப் பொண்ணுகிட்ட என்னத்தக் கத்துக்கப் போறே?” என்று யாராவது கேட்டால், “நாற்காலிதான்யா அங்க சின்னது” என்பார்.

டீச்சர் வண்ணப் பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தார்.

“குத்தம்னு யாரு சொன்னது?”

“என் மகதான். கஸ்தூரி.”

“என்னவாம்?”

“நாளைக்குப் பேத்திக்கு முப்பதாம் நாள். தொட்டில் போடுறோம். பிள்ளையை மடியில வச்சு, நாக்குல சீனித்தண்ணி தொட்டு வச்சு, காதுல மூணு தடவை பேரைச் சொல்லணும். தாத்தன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எங்க அண்ணனைச் சொல்லச் சொல்லிட்டா!”

“என்ன பேரு?”

நாகப்பன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

“செண்பகம்.”

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். போன வருஷம் காலமான நாகப்பன் மனைவியின் பெயர் அது.

“ஏன் உங்களை வேணாங்கிறா?”

நாகப்பன் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வேப். நிகோடின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கிற மின்சிகரெட். கட்டைவிரல் தடிமன். துடைத்துத் துடைத்து அதன் மேல் சாயமே போயிருந்தது.

முப்பத்தைந்து வருஷமாக ஊதின சிகரெட்டை, மனைவி படுத்த படுக்கையில் கெஞ்சியதால் விட்டவர் அவர். விட்ட கையோடு இதைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கதை ஊருக்கே தெரியும்.

“பிள்ளை பொறந்ததுல இருந்து வீட்டுக்குள்ள ஒரு இழுப்பு இழுத்ததில்ல டீச்சர். வெளிய மரத்தடியிலதான். தினம் கழட்டிக் கழுவுறேன். எவன் செய்வான்? கடைக்காரனே ஆச்சரியப்படுறான்.”

“எங்க கழுவுறீங்க?”

“வீட்டுலதான். குசினி சிங்க்ல.”

“எதால கழுவுறீங்க?”

நாகப்பன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். அது கீச்சென்றது.

“சிங்க்ல ஒரு பிரஷ் கெடந்துச்சு. நீளக் காம்பு, நுனியில பஞ்சு. லிக்விட் ஊத்துற இந்த டேங்குக்கு அளவெடுத்த மாதிரி உள்ள போவுது. ரெண்டு வாரமா அதாலதான் தேய்ச்சேன்.”

“என்ன பிரஷ் ஐயா அது?”

“பிள்ளையோட பால் புட்டி கழுவுறது.”

நாமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்போம். டீச்சர் இன்னொரு பென்சிலை எடுத்துச் சீவினார்.

“சோப்புப் போட்டு அலசிட்டுத்தான் டீச்சர் வச்சேன்! நேத்து அவ பிரஷை மோந்து பார்த்திருக்கா. மாம்பழ வாசம். நான் ஊத்துறது மாம்பழ லிக்விட். அப்படியே தூக்கிக் குப்பையில கடாசிட்டா. சரி, தப்புதான், போவட்டும். சாயங்காலம் பிள்ளை அழுதுச்சேன்னு தூக்கப் போனேன். கையை நீட்டுறேன், அவ சட்டுனு பிள்ளை தலைமேல கையை வச்சு மூடிக்கிட்டா. பெத்த அப்பன்கிட்ட! நான் என்ன பாம்பா?”

கண் கலங்கிவிட்டது அவருக்கு. துடைத்துக்கொள்ளவில்லை.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அடியே, இதுல பால் ஊத்தியே குடிக்கலாம், அவ்ளோ சுத்தம்னேன். காதுல வாங்கினாத்தானே?”

டீச்சர் மேசைமேல் இருந்த வேப்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“கழுவுங்க. பார்க்கிறேன்.”

நாகப்பன் முகம் மலர்ந்துவிட்டது. தன் பக்கம் நியாயம் இருப்பதாக நினைத்த மனுஷனுக்குச் சாட்சி கிடைத்தால் வேறென்ன வேண்டும்? சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு எழுந்தார்.

பிள்ளைகள் கை கழுவுகிற தொட்டி அது. அவர் இடுப்பை ஒடித்துக் குனிய வேண்டியிருந்தது.

முதலில் பேட்டரியைத் தனியே எடுத்துத் தண்ணீர் படாத இடத்தில் வைத்தார். பிறகு வாய் வைக்கிற முனை, கண்ணாடி டேங்க், ரப்பர் வளையங்கள், அடிமூடி என்று ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினார். கருகிப்போன காயில் கம்பிச்சுருளை டிஷ்யூவில் சுருட்டி ஓரம் வைத்தார். டீச்சர் கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார்.

முதல் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில் வந்தது. இரண்டாவது லேசான மஞ்சள். மூன்றாவது தண்ணீரில் ஒன்றுமில்லை. அப்படியும் விடவில்லை மனுஷன். காது குடைகிற பஞ்சுக்குச்சியால் சந்து பொந்தெல்லாம் துடைத்தார். டேங்கை ஜன்னல் பக்கம் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

முயல் படம் போட்ட சின்னத் துவாலை ஒன்றில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தார்.

“முழுசா காயாம மாட்டக் கூடாது டீச்சர். அதுதான் முக்கியம். அவசரப்பட்டா எல்லாம் பாழ்.”

“சுத்தமா இருக்கா?”

“பளிங்கு டீச்சர், பளிங்கு!”

டீச்சர் உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு சின்னக் கோப்பை இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் மிஞ்சின பால்.

“ஊத்திக் குடிங்க.”

நாகப்பன் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

“நீங்கதானே ஐயா சொன்னீங்க?”

“சொன்னேன். சொன்னவன் செய்யறேன்.”

அடிமூடியில் டேங்கைத் திருகி, கீழே இருக்கிற ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு பாலை ஊற்றினார். ஒரு மடக்குக்குக்கூடக் காணாது. அண்ணாந்து வாயில் கவிழ்த்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல் பார்த்தார்.

“எப்படி இருக்கு?”

“பால் மாதிரிதான்.”

டீச்சர் புருவத்தை உயர்த்தினார்.

“கொஞ்சூண்டு மாம்பழம். ரொம்பக் கொஞ்சம். தெரியவே தெரியாது.”

டீச்சர் கோப்பையில் மிச்சம் இருந்ததை மறுபடி அந்த டேங்கில் ஊற்றினார். நாகப்பனின் விரல் இன்னும் அடியில்தான் இருந்தது. பால் விளிம்பு வரைக்கும் வந்து நின்றது.

“இது யாருக்கு டீச்சர்?”

“செண்பகத்துக்கு.”

டீச்சர் மோதிர விரலை நீட்டினார். சீனித்தண்ணி தொடுகிற மாதிரியே நுனி விரலைப் பாலுக்குக் கொண்டுபோனார்.

“ஒரு சொட்டு போதும். நாக்குல வச்சிட்டு வந்துடறேன். உங்க வீடு பக்கத்துலதானே?”

சட்டென்று நாகப்பனின் இன்னொரு கை வந்து டேங்கின் வாயை மூடிக்கொண்டது.

அவர் நினைத்துச் செய்யவில்லை. கை தானாக வந்தது.

“என்ன ஐயா?”

“பால்... சூடா இருக்கு டீச்சர்.”

“ஆறிப்போன பால்.”

நாகப்பன் குனிந்து தன் கையைப் பார்த்தார். விரல்களைச் சேர்த்து, லேசாக வளைத்து, ஒரு சின்னத் தலையைப் பொத்துவதுபோல் இருந்தது அது. நேற்றுச் சாயங்காலம் இதே கையைப் பார்த்திருக்கிறார். அது கஸ்தூரியின் கை.

டீச்சர் விரலை எடுத்துக்கொண்டார். பென்சில் சீவப் போய்விட்டார்.

நாகப்பன் அந்தப் பாலைத் தொட்டியில் கொட்டினார். தண்ணீரைத் திறந்துவிட்டு டேங்கை அலசித் துவாலையில் வைத்தார். கையையும் கழுவினார். கழுவின கையை மோந்து பார்த்துவிட்டு இன்னொரு தடவை கழுவினார்.

பிறகு போனை எடுத்தார்.

“கஸ்தூரி... நான்தான்மா. நாளைக்குப் பெரியப்பாவே பேரைச் சொல்லட்டும்.”

“கோவிச்சுக்கிட்டுப் பேசறீங்களாப்பா?”

“இல்லம்மா. உன் எடத்துல நான் இருந்தா நானும் பிள்ளையைத் தர மாட்டேன். ஒங்கம்மா பேரு அது... கூட நின்னு கேட்டுக்கிறேன், அது போதும்.”

அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்குவது மட்டும் கேட்டது. நாகப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“வர்றப்போ புட்டி பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

நாகப்பன் அந்தச் சின்ன நாற்காலியைத் தூக்கி வரிசையில் வைத்தார். டீச்சரைக் கும்பிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

“ஐயா, உங்க சாமான்லாம் இங்கயே கெடக்கே.”

நாகப்பன் திரும்பிப் பார்த்தார். முயல் துவாலையில் எல்லாம் அப்படியே பரப்பிக் கிடந்தது.

“காயட்டும் டீச்சர்” என்றார்.